ரிமோட் டிரக்கில் டிரைவ் ஷாஃப்ட் தளர்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் டிரக்குகள் வந்து சேர்கின்றன. கொண்டுவருபவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. அவர்களைவிட ஆர்வம் மிகுந்த அப்பாக்களும் உண்டு. பாதி வண்டிகளுக்கு ஒரே நோய்தான். மோட்டார் சுற்றும், சக்கரம் சுற்றாது. அல்லது சக்கரமும் சுற்றும், கூடவே கடகடவென்று சத்தமும் வரும். நான் மெக்கானிக் அல்லன். ஒரு லாரிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே பெரிய வண்டிகளில் பார்க்கும் கோளாறுகளையே இங்கே பத்தில் ஒரு பங்கு அளவில் பார்க்கிறேன். ஒரே பதிலை வாரம் தவறாமல் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன்.

கேள்வி: டிரைவ் ஷாஃப்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் நடுவே முன்னும் பின்னும் ஓடும் நீளத் தண்டுக்கும் அதே பெயர்தான். சக்கரம் மேலும் கீழும் ஆட வேண்டியிருப்பதால் தண்டின் முனைகளில் மடங்கும் மூட்டு வேண்டும். அது பெரும்பாலும் மூன்று விதமாக வரும். டாக்போன் என்பது முனையில் ஒரு குண்டும், அதன் குறுக்கே ஓர் ஊசியும் உள்ள எளிய இரும்புக் குச்சி. அச்சின் முனையிலுள்ள கிண்ணத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். எதுவும் அதைப் பிடித்திருக்காது. சி.வி.டி. என்பதில் ஒரு முனை டாக்போன், மறுமுனை ஊசி போட்டுப் பூட்டிய மூட்டு. மூன்றாவது யூனிவர்சல், லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரியுமே, அதே கூட்டல் குறி வடிவக் கிராஸ். டிராக்ஸாஸ் ஸ்லாஷ் போன்ற வண்டிகளில் யூனிவர்சல் மூட்டோடு, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் பிளாஸ்டிக் தண்டு இருக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதில் பாதி அதைப் பொறுத்தது.

கேள்வி: தளர்ந்திருப்பது ஷாஃப்ட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்பவர் குறைவு. கேட்டிருந்தால் என் திண்ணையில் பாதி கூட்டம் இருக்காது. "ஷாஃப்ட் ஆடுகிறது, மாமா" என்று கொண்டுவரும் வண்டிகளில் பலவற்றில் ஆடுவது சக்கர நட்டு.

பேட்டரியை முதலில் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். விரல் மூட்டுக்குள் இருக்கும்போது யாராவது ரிமோட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று என் இடது கைக் கட்டைவிரலில் எழுதியிருக்கிறது. வண்டியை ஒரு செங்கல் மேல் வைத்து, நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும்படி செய்யுங்கள். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். அசைந்தால் சக்கர நட்டோ பேரிங்கோதான் காரணம். 1/10 அளவு வண்டிகளில் சக்கரம் 12 மி.மீ. அறுகோணத்தின் மேல் உட்காரும். வெளியே நைலான் வைத்த எம்4 நட்டு. நாலைந்து முறை கழற்றி மாட்டியதும் அந்த நைலான் பிடிமானத்தை இழந்துவிடும். விரலால் சுற்றினாலே நட்டு இறங்குகிறதென்றால் மாற்றிவிடுங்கள்.

சக்கரம் ஆடவில்லை என்றால் அடுத்தது. ஒரு கையால் சக்கரத்தை இறுகப் பிடித்து, மறு கையால் தண்டை முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். கண் மூட்டிலேயே இருக்கட்டும். ஊசி துளைக்குள் அசைகிறதா, துளையோடு சேர்ந்து அசைகிறதா என்று பாருங்கள். ஊசி மட்டும் அசைந்தால் தேய்மானம். மொத்த மூட்டும் அச்சின் மேல் வழுக்கினால் திருகு தளர்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பிறகு இதே சோதனையை டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) பக்கத்து முனையிலும் செய்யுங்கள்.

காதும் உதவும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்றால் ஊசி. அரைப்பதுபோல விடாமல் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியல் பல். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்டும் சத்தம் வந்தால் மூட்டு தன் எல்லையை மீறி மடங்குகிறது. அதற்கு ரிமோட்டில் ஸ்டியரிங் அளவைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ஆட்டம் எல்லாமே கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். டாக்போன் கிண்ணத்துக்குள் பக்கவாட்டில் சுமார் ஒரு மி.மீ. நகரத்தான் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் சக்கரம் மேலே ஏறும்போது தண்டு பேரிங்கை நெருக்கித் தள்ளும்.

கேள்வி: இறுக்கமாகத்தான் முடுக்கினேன். இரண்டு பேட்டரி ஓடுவதற்குள் மறுபடி கழன்றுவிடுகிறதே?

எண்ணெய். பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேருக்கு இதே பதில்தான்.

மூட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ. அல்லது மூட்டுக்குக் குறுக்கே ஊசியாகவும் திருகாகவும் வேலை செய்யும் திருகாணி. மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அது அப்படி. ஒவ்வொரு குதிப்பிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் அது இரு திசையிலும் அடி வாங்குகிறது. வெறும் இறுக்கம் அதைத் தாங்காது. அதனால்தான் மரையில் திரெட்லாக்கர் என்னும் பசை போடுகிறோம். ஆனால் புதுத் திருகு தொழிற்சாலையிலிருந்து எண்ணெய் பூசியே வருகிறது. பழைய திருகின் மேல் நீங்களே சென்ற வாரம் டபிள்யூ.டி.40 அடித்திருப்பீர்கள். எண்ணெய்மேல் பசை, தாமரை இலைத் தண்ணீர்தான். எண்ணெய் பட்ட மரையிலும் பிடிக்கும்படி செய்த லாக்டைட் 243 போன்ற வகையும் உண்டு. இருந்தாலும் அதை நம்பிச் சோம்பல்படாதீர்கள்.

நான் செய்வது இப்படி. திருகை முழுவதும் வெளியே எடுத்து, சின்னக் கிண்ணத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி அதில் போட்டுவிடுவேன். ஐந்து நிமிடத்தில் ஆல்கஹால் மங்கலாகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எண்ணெயும் பழைய பசையின் நீலத் தூளும் அடியில் படியும். திருகைப் பழைய பல் துலக்கியால் தேய்ப்பேன். பிறகு பலரும் மறக்கும் வேலை: துளையின் உள்மரை. பல்குத்தும் குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, துளைக்குள் விட்டுத் திருகி எடுப்பேன். முதல் பஞ்சு கறுப்பாக வரும், இரண்டாவது சாம்பல் நிறம், மூன்றாவது வெள்ளை. வெள்ளை வந்தால்தான் பசை.

பசை நீலம், நடுத்தர வலிமை கொண்டது. குச்சியின் முனையில் கடுகளவு எடுத்து, திருகின் நுனியிலிருந்து இரண்டு மூன்று மரைகளில் தடவினால் போதும். மூட்டின் ஊசிமேல் வழிந்தால் மூட்டே இறுகிப்போகும். இந்தப் பசை காற்றில் காய்வதில்லை. காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இறுகுகிறது. அதனால்தான் புதுப் புட்டியிலும் பாதிதான் நிரப்பியிருக்கிறார்கள். உள்ளே காற்று இருந்தால்தான் அது திரவமாக இருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு அப்பா என்னிடம் சண்டைக்கே வந்தார்.

முழு வலிமை வர 24 மணி நேரம். சனிக்கிழமை மாலை போட்டால் ஞாயிறு மாலை ஓட்டலாம். பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டு, பசை சரியில்லை என்று சொல்லக் கூடாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகென்றால் இன்னும் பொறுமை வேண்டும். அதன்மேல் மெதுவாகத்தான் இறுகும்.

ஒன்று விட்டுவிட்டேன். அச்சில் தட்டையாக ராவிய இடம் இருந்தால் கிரப் ஸ்க்ரூ அதன் மேல்தான் உட்கார வேண்டும். உருண்டையான பக்கத்தில் உட்கார்ந்தால் எந்தப் பசையும் காப்பாற்றாது. மூட்டில் இரண்டு திருகு இருந்தால், தட்டைக்கு நேரே இருப்பதை முதலில் முடுக்குங்கள்.

கேள்வி: சிவப்புப் பசை போட்டால் கழலவே கழலாதாமே?

கழலாது. நீங்கள் கழற்ற நினைக்கும்போதும் கழலாது. அதைத் தளர்த்த ஏறத்தாழ 250 டிகிரி வெப்பம் தேவை. அதற்குள் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் கூழாகிவிடும். தெரியாமல் போட்டுவிட்டிருந்தால், சால்டரிங் இரும்பின் முனையைத் திருகின்மேல் மட்டும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, சூடு ஆறுவதற்குள் திருப்பிப் பாருங்கள். நான் இப்படி நான்கு திருகுகளில் மூன்றை மீட்டேன். நான்காவது இன்னமும் அந்த வண்டியிலேயே இருக்கிறது.

கேள்வி: ஃபெவிக்விக், நகப்பூச்சு, தெஃப்ளான் டேப் இவற்றில் எது சிறந்தது?

நகப்பூச்சு அவசரத்துக்குப் பரவாயில்லை; அக்காவிடம் கேட்டு எடுங்கள். ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் அடி விழுந்தால் கண்ணாடிபோல நொறுங்கிவிடும். தெஃப்ளான் டேப் குழாய்க் கசிவுக்கு உரியது. அது வழுக்கும் பொருள். திருகு இன்னும் சுலபமாகக் கழலும்.

கேள்வி: பிளாஸ்டிக் துளையில் மரை தேய்ந்துவிட்டது. அதிலும் பசை போடலாமா?

கூடாது. நீலப் பசை உலோகத்துக்கு உலோகம்தான். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் பட்டால் விரிசல் விடும். மேல் கூட்டின்மேல் ஒரு சொட்டு விழுந்தால்கூட உடனே துடைத்துவிடுங்கள்.

மரை முழுவதும் போகவில்லை என்றால், கொஞ்சம் நீளமான திருகைப் போட்டு அடியில் மிஞ்சியிருக்கும் புது மரையைப் பிடிக்கவைக்கலாம். மறுபுறம் எதன்மேலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் பிளாஸ்டிக்கில் திருகு போடும்போது இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: திருகை வைத்ததும் முதலில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் 'டிக்' என்று சிறிய இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கேதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து முன்னே திருப்பினால் பழைய பாதையிலேயே போகும். நேரே அழுத்தித் திருப்பினால் ஒவ்வொரு முறையும் புதுப் பாதை வெட்டும். ஐந்தாறு முறையில் துளை மொட்டையாகிவிடும். துளைக்கு மரை கழன்றால் உதிரிபாகம் வாங்கலாம். அதோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினால் நமக்கும் கழன்றுவிடும்.

கேள்வி: ஆலன் சாவி திருகுக்குள்ளேயே சுற்றுகிறது. திருகா கெட்டது, சாவியா?

இரண்டும். எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. சாவி, எம்4 கிரப் ஸ்க்ரூவுக்கு 2 மி.மீ. சாவி. இவ்வளவு சின்ன அறுகோணத்தில் மூலை கொஞ்சம் மழுங்கினாலும் முடிந்தது. சாவியின் முனை மழுங்கியிருந்தால் அரத்தால் அந்த நுனியை மட்டும் ராவி எடுத்துவிட்டால் புது மூலைகள் கிடைக்கும். முனையில் உருண்டை வைத்த சாவி இந்த வேலைக்கு ஆகாது. அறுகோணத்துக்குள் மணல் அடைத்திருந்தால் சாவி முழு ஆழம் போகாது. குண்டூசியால் கிளறிவிட்டுப் பிறகு போடுங்கள். சில பழைய அமெரிக்க வண்டிகளில் திருகு அங்குல அளவில் இருக்கும். அதில் மி.மீ. சாவி போவதுபோலப் போகும், பிறகு வழுக்கும்.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓட்டுகிறோம். அதனால்தான் இப்படி ஆகிறதா?

பெரும்பாலும் ஆமாம். வெள்ளிக் கடற்கரை என்று பெயர்பெற்ற அந்த இடத்தில் ஓட்டாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அங்கேதான் ஓட்டுகிறேன். ஆனால் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மணல் மூட்டுக்குள் போனதும் உப்புத்தாள் வேலையைத் தொடங்கிவிடும். ஊசி மெலியும், துளை முட்டை வடிவமாகும். கூடவே கடல் ஈரம் துருவைக் கொண்டுவரும். உருண்டை ஊசி முதலில் நடுவில் பள்ளம் விழுந்து, பிறகு அந்தப் பள்ளத்திலேயே முறியும். முறிந்த ஊசியைக் கையில் வைத்துப் பாருங்கள். மணல் கடிகாரம்போல இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

மூட்டுக்குக் கிரீஸ் பூசிவிட்டுக் கடற்கரைக்குப் போவது உதவி என்று நினைக்கிறார்கள். திறந்த மூட்டில் கிரீஸ் மணலைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். ஓட்டும்போது காய்ந்தே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும், மின்பாகங்கள் தண்ணீர் தாங்கும் வகையாக இருந்தால் மட்டும், நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, துடைத்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். காய்ந்த பிறகு ஊசிக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய் திருகின் மரைக்குப் போகக் கூடாது என்று இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை.

கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் சரளையில் உப்பு இல்லை. ஆனால் பொடிக் கற்கள் டாக்போன் கிண்ணத்துக்குள் புகுந்து தண்டைத் தூக்கிவிடும். என்னைக் கேட்டால் கடற்கரையைவிட அதுவே மேல். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வண்டியைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பிகள் கடலைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் ஊரில் இல்லாத கடலா?

கேள்வி: திருகு எதுவும் கழலவில்லை. குதிக்கும்போது டாக்போன் மட்டும் வெளியே விழுந்துவிடுகிறது.

வண்டி அந்தரத்தில் இருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும். தொங்கல் அதிகமானால் இரு கிண்ணங்களுக்கும் இடையே தூரம் கூடி, தண்டு நழுவிவிடும். ஷாக் அப்சார்பருக்குள், பிஸ்டனுக்குக் கீழே கம்பியில் ஒரு சிறிய குழாய்த் துண்டைப் போட்டுத் தொங்கலைக் குறைக்கலாம். 2 மி.மீ. போட்டுப் பாருங்கள், சக்கரத்தில் அதைவிட அதிகமாகவே வித்தியாசம் தெரியும். கிண்ணத்தின் அடியில் ஒரு சிறிய ஓ-ரிங் வைத்து ஆட்டத்தைக் குறைப்பது இன்னொரு வழி. ஆனால் சக்கரத்தை முழுதாக மேலே தூக்கி, தண்டு நெருக்கப்படவில்லை என்று பார்த்த பிறகே வையுங்கள். கிண்ணத்தின் வாய் தேய்ந்து விரிந்திருந்தால் இரண்டுமே பயன்படாது, புதிதுதான்.

கேள்வி: நீளும் தண்டைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினேன். இப்போது வண்டி அதிர்கிறது.

இரண்டு பாதியையும் தவறான கோணத்தில் சொருகியிருக்கிறீர்கள். யூனிவர்சல் மூட்டு மடங்கியிருக்கும்போது சீராகச் சுற்றுவதில்லை. 30 டிகிரி மடக்கில், உள்ளே நிமிடத்துக்கு 1000 சுற்று போனால், வெளியே அது 866-க்கும் 1155-க்கும் இடையே ஏறி இறங்கும், அதுவும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. தண்டின் மறுமுனையிலுள்ள மூட்டு இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே எதிர்த்துச் சரிசெய்ய வேண்டும். இரு மூட்டுகளின் மடக்கும் சமமாக இருந்து, தண்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில் நின்றால்தான் அது நடக்கும். 90 டிகிரி மாறிச் சொருகினால் சரிசெய்வதற்குப் பதிலாக இரட்டிப்பாக்கும். அந்த அதிர்வே திருகுகளையும் தளர்த்தும்.

எங்கள் பட்டறையில் லாரி ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன் இரு பாதியிலும் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார்கள். நீங்கள் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பிரியுங்கள்.

கேள்வி: முறிந்த ஊசிக்குப் பதிலாக ஆணியை வெட்டிப் போடலாமா?

ஆணி மெத்து. அரை மணி நேரத்தில் வளைந்து, துளைக்குள் மாட்டி, எடுக்க முடியாமல் செய்யும். பழைய ஊசி பேரிங்கைப் பிரித்தால் கெட்டியான உருளைகள் கிடைக்கும். 2 அல்லது 2.5 மி.மீ. தடிமனில் பொருந்துவது அகப்படும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய இரும்பு பரப்பியிருப்பவரிடம் ஒரு கைப்பிடி வாங்கி வந்தேன். இரண்டு வருடமாக அதுவே போகிறது. காலிப்பரால் அளந்து வாங்குங்கள். நீளம் கூடினால் கிரைண்டரில்தான் குறைக்க முடியும், அரம் அதன்மேல் வழுக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சி.வி.டி. மூட்டில் ஊசியைப் பிடித்திருக்கும் திருகை நம்பாதவர்கள் மூட்டின்மேல் வெப்பத்தில் சுருங்கும் ரப்பர் குழாயைப் போடுகிறார்கள். எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் விற்பதுதான். திருகு கழன்றாலும் ஊசி வெளியே போகாது. எனக்கும் இது பிடித்த வழி. ஆனால் உள்ளே போன மணல் அங்கேயே தங்கிவிடும் என்பதால் கடற்கரை வண்டிக்குப் போடுவதில்லை.

கேள்வி: என்னுடையது 1/16 அளவு சீன ராணுவ லாரி. பிளாஸ்டிக் ஷாஃப்ட்டை இரும்புக்கு மாற்றட்டுமா?

மாற்றுங்கள். அதன் பிறகு உடைவது கியர் பல்லாக இருக்கும். பிளாஸ்டிக் ஷாஃப்ட் உடைந்து கியரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியும். மோட்டாரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், இரண்டு பிளாஸ்டிக் ஷாஃப்ட் உபரியாக வாங்கி வைப்பதே மலிவு.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும்?

பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும், விரலால் ஒரு திருகு. பத்து விநாடி.

கேள்வி: கிரப் ஸ்க்ரூ மணலில் விழுந்துவிட்டது. எப்படித் தேடுவது?

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இது நடந்தது. "மாமா, காந்தம் கொண்டுவந்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னான். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பெரிய காந்தம். மணலில் ஒரு முறை இழுத்தான். கறுப்புத் தாடி முளைத்து வந்தது. கடல் மணலில் இரும்புத் தாது கலந்த கருமணல் இருக்கிறது, அத்தனையும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தாடிக்குள் 3 மி.மீ. திருகைத் தேடி இருவரும் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தோம். கிடைக்கவில்லை. அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது: காந்தத்தை நெகிழிப் பைக்குள் போட்டு இழுத்து, பிறகு காந்தத்தை வெளியே எடுத்து, பையை வெள்ளைத் துண்டின்மேல் புரட்டி உதற வேண்டும். மணல் பொடியாகப் பரவும், திருகு மட்டும் தனியாக உருளும். அடுத்த வாரம் அவன் துண்டும் பையும் கொண்டுவந்தான். உபரித் திருகுகள் இருந்த டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.